பூஜோ குழு கண்டதும் காணாததும்

1913 பிப்ரவரியில் ஆர்சேன் பூஜோ ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் உள்ள ஜெக்கில் தீவுக்குப் போனார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வங்கி, நாணய நிலைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். சாட்சியை வாஷிங்டனுக்கு வரவழைக்க வேண்டிய குழுவின் தலைவரே சாட்சியைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. சாட்சி வில்லியம் ராக்ஃபெல்லர். ஸ்டாண்டர்ட் ஆயில் முதலாளி ஜான் டி. ராக்ஃபெல்லரின் தம்பி, வயது 71. நியூயார்க்கில் அவர் வீட்டு வாசலில் சபையின் ஆட்கள் காவல் கிடந்தும் அழைப்பாணையை அவர் கையில் சேர்க்க முடியவில்லை. தொண்டை நோயால் பேச இயலாது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. கடைசியில் தீவிலேயே அவரை உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்டார்கள். முணுமுணுப்பாகப் பதில் வந்தது. உடல்நிலையைக் காரணம் காட்டி விசாரணை அத்துடன் நின்றது.

அந்தத் தீவுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1910 நவம்பரில் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச், நேஷனல் சிட்டி வங்கித் தலைவர் ஃபிராங்க் வாண்டர்லிப், மார்கன் நிறுவனக் கூட்டாளி ஹென்றி டேவிசன், கூன் லோப் நிறுவனத்தின் பால் வார்பர்க் முதலியோர் யாருக்கும் தெரியாமல் ரயிலேறி வந்து அங்கே தங்கினார்கள். நாட்டுக்கான மத்திய வங்கித் திட்டம் ஒன்றை எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார்கள். வந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். ஆல்ட்ரிச் தலைமையிலான தேசிய நாணய ஆணையத்தில் பூஜோவும் உறுப்பினர். தீவில் கூடியவர்களில் அவர் இல்லை.

நாட்டின் வங்கிச் சட்டத்தை வங்கி முதலாளிகள் ஒதுக்குப்புறமான தீவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதே தீவுக்குப் போய் நாலு கேள்விக்கு மேல் பதில் வாங்க முடியாமல் திரும்புகிறார். ஓரிடத்தில் குவிந்துவிட்ட பண பலத்தை ஓர் அரசியல்வாதி விசாரிக்கப் புகுந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்விக்கு, வரலாற்றில் இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. பூஜோ குழு ஒரு சதியை நிரூபித்தது என்று கொண்டாடுவோரும் உண்டு. எதையும் நிரூபிக்காத அரசியல் கூத்து என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. யார் யார் எந்தெந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாங்கி, எவரும் மறுக்க முடியாத பதிவாக்கியதே அக்குழு செய்த பெரிய காரியம். வங்கிகளின் கணக்குப் புத்தகங்களைத் திறக்க வைக்க முடியாமல் போனது அதன் பெரிய தோல்வி. அந்தத் தோல்விக்கான விலையை அமெரிக்க மக்கள் 1929க்குப் பிறகு கொடுத்தார்கள்.

விசாரணைக்கான காரணம் 1907இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு செப்புக் கம்பெனியின் பங்குகளை மொத்தமாக வளைத்துப்போட நடந்த சூதாட்டம் தோற்றது. அதில் சம்பந்தப்பட்டவர்களோடு தொடர்புடைய வங்கிகள்மீது மக்களுக்கு நம்பிக்கை போயிற்று. 22ஆம் தேதி நிக்கர்பாக்கர் டிரஸ்ட் கம்பெனியின் வாசலில் கூடிய கூட்டம் பணத்தைக் கேட்டுவாங்க, அது கதவடைத்தது. அமெரிக்காவுக்கு அப்போது மத்திய வங்கி கிடையாது. எழுபது வயதான வங்கியாளர் ஜே. பி. மார்கன்தான் அந்த இடத்தில் நின்றார். எந்த நிறுவனத்தைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று அவர் முடிவு செய்தார். அரசு கருவூலம் இரண்டரைக் கோடி டாலரை நியூயார்க் வங்கிகளில் போட்டது. நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, டிரஸ்ட் கம்பெனித் தலைவர்களைத் தன் நூலகத்துக்கு வரவழைத்துக் கதவைப் பூட்டி, விடிவதற்குள் கையெழுத்து வாங்கினார். இந்தக் களேபரத்தின் நடுவிலேயே அவருடைய யு.எஸ். ஸ்டீல் நிறுவனம், டென்னசி நிலக்கரி, இரும்புக் கம்பெனி என்ற போட்டியாளரை வாங்கிக்கொண்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தடை சொல்லவில்லை.

நாட்டை ஒரு தனிமனிதர் காப்பாற்றினார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. காப்பாற்றும் வலிமை ஒருவரிடம் இருக்கிறது என்றால், கைவிடும் வலிமையும் அவரிடமே இருக்கிறது என்று சிலர் யோசிக்கத் தொடங்கினார்கள். மினசோட்டாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சார்லஸ் லிண்ட்பெர்க் அவர்களில் ஒருவர். 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த விமானியின் தந்தை இவர். குடியரசுக் கட்சிக்காரராக இருந்தும் தன் கட்சி மேலிடத்தை எதிர்த்து, பண ஏகபோகத்தை விசாரிக்க வேண்டும் என்று 1911இல் தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது நியூஜெர்சி ஆளுநராக இருந்த உட்ரோ வில்சனும் நாட்டின் மிகப் பெரிய ஏகபோகம் பணத்தின் ஏகபோகமே என்று மேடையில் பேசினார்.

சபையில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. தனி விசாரணைக் குழு அமைத்தால் தீவிரச் சீர்திருத்தக்காரர்கள் கைக்குப் போய்விடுமோ என்று அதன் தலைமை அஞ்சியது. வழக்கமான நிலைக்குழுவிடமே வேலையைக் கொடுத்தது. பூஜோ இந்த வழியில்தான் வருகிறார். லூசியானாவின் லேக் சார்லஸ் ஊர் வழக்கறிஞர். 1861இல் பிறந்து, 1903 முதல் சபை உறுப்பினர். மேடைப் பேச்சாளரோ வால் ஸ்ட்ரீட்டை வசைபாடிப் பெயர் வாங்கியவரோ இல்லை. ஆல்ட்ரிச் ஆணையத்தில் இருந்தவர் என்பதால் சீர்திருத்தக்காரர்கள் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1912 பிப்ரவரியில் சபை கொடுத்த அதிகாரம் போதாது என்று சொல்லி, ஏப்ரலில் அதை விரிவாக்கும் இன்னொரு தீர்மானத்தை வாங்கியபோதுதான் மனிதர் வேலையில் இறங்கிவிட்டார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. இன்னொன்றும் செய்தார். சாமுவேல் அன்டர்மயரைக் குழுவின் வழக்கறிஞராக நியமித்து, கேள்வி கேட்கும் பொறுப்பை ஏறத்தாழ முழுவதுமாக அவரிடம் விட்டார்.

அன்டர்மயர், கம்பெனி இணைப்பு வழக்குகளில் பெரும்பணம் சம்பாதித்த நியூயார்க் வழக்கறிஞர். கோட்டில் ஆர்க்கிட் மலர் செருகிக்கொண்டு வருவார். வால் ஸ்ட்ரீட்டின் சூட்சுமங்களை உள்ளேயிருந்து அறிந்தவர் என்பதால் எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி என்பது அவருக்குத் தெரியும். எந்த விசாரணையிலும் புகழ் வழக்கறிஞருக்கும் பழி தலைவருக்கும் போவது வழக்கம். தன் மேடையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் மனம் அரசியல்வாதிகளிடம் அரிது. பூஜோவிடம் அது இருந்தது. அவருடைய தகுதிகளில் முதலாவதாக இதையே சொல்வேன்.

1912 மே, ஜூனில் நடந்த முதல் சுற்று விசாரணை, வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைத் தீர்த்துக்கொள்ளும் கிளியரிங் ஹவுஸ் பற்றியும் நியூயார்க் பங்குச் சந்தை பற்றியும் இருந்தது. தேர்தலுக்காக நிறுத்தி, டிசம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் விஷயத்தின் மையத்துக்கு வந்தார்கள்.

மையம் என்று நான் சொல்வது ஒரு சுழற்சியை. 1893 நெருக்கடியில் ரயில்வேக்கள் வரிசையாகத் திவாலாயின. அவற்றை மீட்டுச் சீரமைத்த மார்கன், பங்குதாரர்களின் வாக்குரிமையைச் சிலர் கையில் ஒப்படைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். சதர்ன் ரயில்வேயில் அந்த வாக்குரிமை மார்கன், ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியின் ஜார்ஜ் பேக்கர், சார்லஸ் லேனியர் என்ற மூவரிடம் இருந்தது. அதாவது இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது இந்த மூவர். அப்படித் தேர்வான இயக்குநர்கள் ரயில்வேக்குப் பணம் தேவைப்படும்போது கடன் பத்திரங்களை மார்கன் நிறுவனத்துக்கே விற்பார்கள். வேறு யாரிடமும் விலை கேட்பதில்லை. மார்கன் அவற்றை ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் விற்பார். வாங்கும் அந்தக் கம்பெனிகளின் இயக்குநர் குழுவிலும் இவர்களே இருப்பார்கள். விற்று வந்த பணத்தை ரயில்வே செலவழிக்கும்வரை எங்கே வைக்கும்? மார்கனிடம்தான். அந்த டெபாசிட்டே அடுத்த பத்திர வெளியீட்டுக்கு முதல். 1912 நவம்பர் 1 அன்று மார்கன் நிறுவனத்தில் இருந்த டெபாசிட் 16 கோடி டாலருக்கு மேல். அதில் பாதி 78 பெரிய கம்பெனிகளுடையது. விற்பவர், வாங்குபவர், தரகர், பணத்தை வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே வட்டம். நடுவில் ஓடிய பணமோ பாலிசிதாரர்களுடையது, சேமிப்புக் கணக்குக்காரர்களுடையது.

பூஜோ குழு பெயர்பெற்றது இதை எண்ணிக் காட்டியதால்தான். மார்கன் நிறுவனம், ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி, நேஷனல் சிட்டி வங்கி, மார்கன் பிடியில் இருந்த பேங்கர்ஸ் டிரஸ்ட், கேரண்டி டிரஸ்ட் என்ற ஐந்தையும் எடுத்துக்கொண்டார்கள். இவற்றின் கூட்டாளிகளும் இயக்குநர்களும் வேறெங்கெல்லாம் பதவி வகிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். 34 வங்கிகளிலும் டிரஸ்ட் கம்பெனிகளிலும் 118 பதவிகள். 10 காப்பீட்டுக் கம்பெனிகளில் 30. 32 போக்குவரத்து நிறுவனங்களில் 105. 24 உற்பத்தி, வணிக நிறுவனங்களில் 63. மின்சாரம், எரிவாயு போன்ற பொதுப்பயன் நிறுவனங்கள் 12இல் 25. ஆக 112 நிறுவனங்களில் 341 இயக்குநர் பதவிகள். அந்த நிறுவனங்களின் மொத்த வளமும் மூலதனமும் 2,224 கோடி டாலருக்கு மேல். அன்றைய அமெரிக்க மத்திய அரசின் ஓராண்டு மொத்தச் செலவு சுமார் 70 கோடி டாலர்தான். மூலதனத்தையும் ஆண்டுச் செலவையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, உண்மைதான். ஆனாலும் அளவு புரிவதற்கு இது உதவும்.

டிசம்பர் 18, 19 தேதிகளில் மார்கன் வந்தார். வயது 75. மகன், மகள், கூட்டாளிகள், வழக்கறிஞர்கள் புடைசூழ வந்து அமர்ந்தார். அன்டர்மயர் மரியாதையாகத்தான் கேட்டார். நாட்டின் எந்தத் தொழிலிலும் தனக்கு அதிகாரம் என்று எதுவும் இல்லை என்று மார்கன் சாதித்தார். கடன் கொடுப்பது சொத்தைப் பார்த்தா, பணத்தைப் பார்த்தா என்ற கேள்விக்கு, முதலில் பார்ப்பது ஆளின் நடத்தையை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று சொன்னார். தனக்கு நம்பிக்கையில்லாதவர் எவ்வளவு ஈடு காட்டினாலும் தன்னிடம் பணம் வாங்க முடியாது என்றார். அரங்கம் கைதட்டியது. இன்றும் வங்கித் துறையினர் பெருமையோடு எடுத்துச் சொல்லும் பதில் இது.

இந்தப் பதிலைவிட அதே விசாரணையில் வந்த ஈக்விடபிள் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி விவகாரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கம்பெனியின் சொத்து 50 கோடி டாலருக்கு மேல். அதைக் கட்டுப்படுத்தும் பங்குகளின் முகமதிப்பு வெறும் 51,000 டாலர். தாமஸ் ரயன் என்ற முதலாளியிடமிருந்தும் ஹாரிமன் குடும்பத்திடமிருந்தும் அவற்றை மார்கன் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். கிடைக்கக்கூடிய ஈவுத்தொகையைக் கணக்கிட்டால் போட்ட நூறு டாலருக்கு ஆண்டுக்கு 12 சென்ட்கூடத் தேறாது. எதற்காக வாங்கினீர்கள் என்று அன்டர்மயர் கேட்டார். வாங்குவது நல்லது என்று தோன்றியது, அதனால் வாங்கினேன் என்பதே பதில். திருப்பித் திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் ஒரு காரணமும் வரவில்லை. ரயன் விற்க விரும்பினாரா என்றால், இல்லை, நான்தான் கேட்டேன் என்றார். லாபத்துக்காக வாங்கவில்லை, காரணமும் சொல்ல மாட்டார். அப்படியானால் அவர் வாங்கியது 50 கோடி டாலரை எங்கே முதலீடு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையைத்தான். அதிகாரமே இல்லை என்று சத்தியம் செய்தவரின் வாயிலிருந்தே அந்த அதிகாரத்தின் விலைச்சீட்டு வெளிவந்தது.

நடத்தையைப் பார்த்துக் கடன் தரும் முறைக்கு அவருடைய நியூஹேவன் ரயில்வேயே எதிர்ச்சாட்சி. மார்கன் இயக்குநராக இருந்து வளர்த்த அந்த ரயில்வே, நியூஇங்கிலாந்தின் போக்குவரத்தையெல்லாம் விலைபேசி வாங்கிக் கடனில் மூழ்கி, 1913 டிசம்பரில் ஈவுத்தொகையை நிறுத்தியது. அதன் பங்குகளை நம்பியிருந்த சிறு முதலீட்டாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். உள்ளே நடப்பதை யாரும் பார்க்க முடியாத இடத்தில் நடத்தை எப்படி இருந்தால் என்ன?

1913 ஜனவரியில் வந்த ஜார்ஜ் பேக்கரின் வாக்குமூலம் இன்னும் வெளிப்படையானது. பேச்சைக் குறைத்து வாழ்ந்த மனிதர். வங்கி பலம் சில கைகளில் குவிந்தது போதுமான அளவுக்கு வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். நல்லவர்கள் கையில் இருக்கும்வரை தீங்கில்லை என்றும், கெட்டவர்கள் கைக்குப் போனால் மிக மோசமாகும் என்றும் சொன்னார். ஒரு பெரிய நாடு இப்படி இருப்பது நிம்மதியான நிலைமையா என்று அன்டர்மயர் கேட்க, முழுக்க அப்படிச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. எந்த எதிர்க்கட்சிக்காரரின் ஆவேசப் பேச்சும் இதற்கு ஈடாகாது.

1913 பிப்ரவரி 28 அன்று அறிக்கை வந்தது. பலரும் தவறாக எடுத்துச் சொல்லும் பகுதி அதன் முடிவுதான். பண ஏகபோகம் என்றால் எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை என்று பொருள் கொண்டால், அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குழு நேர்மையாகச் சொன்னது. பங்கு உடைமை, இயக்குநர் பதவி, கூட்டு வெளியீடு ஆகியவற்றின் வழியே சில நிதித் தலைவர்களிடையே உருவாகி நிலைத்துவிட்ட நலன்களின் ஒருமைப்பாடு என்று பொருள் கொண்டால், அது இருக்கிறது, வளர்ந்தும் வருகிறது என்றது. ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் தொடாமல் இருப்பது பெரிய நிறுவனங்களிடையே ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டிருந்ததையும் பதிவு செய்தது. குழுவின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் இந்த முடிவுகளில் சேரவில்லை.

மார்கன் தரப்பின் மறுப்பையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்நிறுவனம் பூஜோவுக்கு நீண்ட கடிதம் எழுதியது. எங்கள் ஆட்கள் எந்த இயக்குநர் குழுவிலும் சிறுபான்மையினர்தான், அவர்கள் ஒன்றுகூடி வாக்களிப்பதும் இல்லை என்றது. பணம் நியூயார்க்கில் குவிவதற்குக் காரணம் காலாவதியான வங்கிச் சட்டங்கள், நாங்கள் இல்லை என்றது. இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை உண்டு. மத்திய வங்கி இல்லாத நாட்டில் நெருக்கடி வந்தால் யாராவது ஒருவர் அந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். முதல் வாதம் பலவீனமானது. பத்துப் பேர் உள்ள குழுவில், கடன் கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்மானிப்பவர் ஒருவராக இருந்தால், அவருடைய ஒரு வாக்கு எத்தனை வாக்குக்குச் சமம் என்பது எந்தக் கம்பெனி நடத்தியவருக்கும் தெரியும்.

இந்த விவாதத்தை முடித்துவைத்திருக்கக்கூடிய ஆதாரம் வங்கிகளின் கணக்கிலேயே இருந்தது. எந்த வங்கி யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தது, யாருக்கு மறுத்தது என்பது வெளிவந்திருந்தால் ஊகத்துக்கே இடமிருக்காது. தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி லாரன்ஸ் மரே அந்த விவரங்களைத் தர மறுத்தார். அப்போதைய அதிபர் டாஃப்டின் அரசும் குழுவுக்கு உதவவில்லை. குழுவுக்கு அந்த அதிகாரத்தைத் தெளிவாக வழங்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட் அதைத் தொடாமலே வைத்துக்கொண்டது. காலமும் குழுவிடம் இல்லை. பூஜோ 1912 தேர்தலில் மீண்டும் நிற்கவில்லை. 1913 மார்ச் தொடக்கத்தில் சபையின் ஆயுள் முடிந்தபோது குழுவின் ஆயுளும் முடிந்தது. அறிக்கை வந்து நான்கே நாட்களில் விசாரித்தவர்கள் கலைந்துபோனார்கள்.

மார்ச் 31 அன்று மார்கன் ரோம் நகரில் இறந்தார். விசாரணைதான் அவரைக் கொன்றது என்று அவருடைய நெருங்கிய வட்டம் நம்பியது. நீண்ட நாள் உடல்நலம் குன்றியிருந்த 75 வயது மனிதரின் மரணத்தை, மரியாதையோடு கேட்கப்பட்ட இரண்டு நாள் கேள்விகளின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை.

பூஜோ அறிக்கையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர் பாஸ்டன் வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ். ஹார்ப்பர்ஸ் வீக்லியில் அவர் எழுதிய தொடர் 1914இல் நூலாக வந்தது. அவர் கையாண்ட எண்களில் பெரும்பாலானவை பூஜோ குழுவின் எண்கள். 1913 டிசம்பர் 23 அன்று ஃபெடரல் ரிசர்வ் சட்டம் வந்தது. 1914 அக்டோபரில் வந்த கிளேட்டன் சட்டத்தின் எட்டாம் பிரிவு, போட்டி நிறுவனங்களுக்கும் பெரிய வங்கிகளுக்கும் பொதுவான இயக்குநர்கள் இருப்பதைக் கட்டுப்படுத்தியது. சட்டம் வருவதற்கு முன்பே, 1914 ஜனவரியில், மார்கன் கூட்டாளிகள் பல கம்பெனிகளின் இயக்குநர் பதவியிலிருந்து தாமாகவே விலகினார்கள். வெளிச்சம் பட்டதாலேயே நடந்தது அது.

இதை வெற்றி என்று சொல்லலாம், ஆனால் முழு வெற்றி இல்லை. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு முதல் தலைமை அதிகாரியாக வந்தவர் பெஞ்சமின் ஸ்ட்ராங். அதுவரை பேங்கர்ஸ் டிரஸ்ட்டின் தலைவர், அதாவது பூஜோ பட்டியலிட்ட ஐந்தில் ஒன்றிலிருந்து வந்தவர். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் மசோதா மடிந்தது. எல்லாவற்றிலும் கேடாக, வங்கிகள் தனிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கிப் பங்கு, பத்திர வியாபாரம் செய்வதைத் தடுக்க வேண்டும் என்ற பூஜோ குழுவின் பரிந்துரையைக் காங்கிரஸ் கைவிட்டது. நேஷனல் சிட்டி வங்கி 1911இல் தொடங்கிய அப்படிப்பட்ட துணைக் கம்பெனி சட்டவிரோதமானது என்று அரசின் மூத்த சட்ட அதிகாரி ஃபிரடெரிக் லேமன் அந்த ஆண்டே கருத்து எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் வெளியிடப்படாமல் கிடந்து 1930களில்தான் பொதுவெளிக்கு வந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே விடை அரசின் அலமாரியில் இருந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அந்தத் துணைக் கம்பெனிகள் பெரு முதலான நாடுகளின் நைந்த பத்திரங்களைச் சாதாரண மக்கள் தலையில் கட்டின.

1929 சரிவுக்குப் பிறகு செனட் குழு அதே வேலையைக் கையில் எடுத்தது. முதலில் பீட்டர் நார்பெக், பின்னர் டங்கன் ஃபிளெட்சர் தலைவர்கள். கேள்வி கேட்டவர் ஃபெர்டினாண்ட் பெக்கோரா, மாதச் சம்பளம் 255 டாலர். நேஷனல் சிட்டியின் சார்லஸ் மிட்செல் சாட்சி சொன்ன சில நாட்களில் பதவி விலகினார். 1933 மே மாதம் வந்த மார்கனின் மகன், 1931லும் 1932லும் வருமான வரியே கட்டவில்லை என்று தெரியவந்தது. ஜூனில் கிளாஸ்–ஸ்டீகல் சட்டம் வங்கியையும் பத்திர வியாபாரத்தையும் பிரித்தது. பூஜோ குழு கேட்டதுதான், இருபது ஆண்டு தாமதமாக. பெக்கோரா பூஜோவைவிடக் கெட்டிக்காரர் என்பதால் இது நடந்ததாக நான் நினைக்கவில்லை. அவருக்குத் தனியார் வங்கிகளின் ஏடுகளைப் பார்க்கும் அதிகாரத்தைச் செனட் கொடுத்தது. வெள்ளை மாளிகையும் அப்போது எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

வங்கிகளை விசாரித்த அரசியல்வாதிகளில் டெக்சஸின் ரைட் பேட்மன் தனி வகை. 1929 முதல் 1976இல் இறக்கும்வரை சபையில் இருந்து வங்கிகளோடு மல்லுக்கட்டினார். 1932இல் கருவூலச் செயலர் ஆண்ட்ரூ மெல்லன்மீது பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். மெல்லன் அடுத்த மாதமே லண்டனுக்குத் தூதராகப் போனார். 1963 முதல் வங்கிக் குழுவின் தலைவராக இருந்த பேட்மன், பெரிய வங்கிகளின் டிரஸ்ட் பிரிவுகள் பிறர் பணத்தில் வாங்கிக் குவித்துள்ள கம்பெனிப் பங்குகளை 1968இல் பட்டியலிட்டார். பூஜோவின் முறையேதான் அது. 1972இல் வாட்டர்கேட் ஊழல் பணத்தின் தடத்தைத் தொடர அழைப்பாணை அதிகாரம் கேட்டபோது அவருடைய சொந்தக் குழுவே 20க்கு 15 என்று மறுத்தது. 1975இல் தலைவர் பதவியையும் பறித்தார்கள்.

பூஜோவின் முடிவுக்கு எதிரான கனமான சான்றுகளும் உண்டு. 1947இல் அரசு பதினேழு முதலீட்டு வங்கிகள்மீது ஏகபோகச் சதி வழக்குப் போட்டது. 1953இல் நீதிபதி ஹெரால்ட் மெடினா ஆதாரம் இல்லையென்று தள்ளினார். பொருளாதார அறிஞர் பிராட் டிலாங், மார்கன் கூட்டாளி ஒருவர் இயக்குநராக இருந்த கம்பெனிகளின் பங்கு மதிப்பு சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று 1991இல் கணக்கிட்டார். கரோலா ஃப்ரிட்மன், எரிக் ஹில்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்களும், கிளேட்டன் சட்டம் வங்கியாளர்களைக் கட்டுப்படுத்திய பிறகு அவர்களை நம்பியிருந்த ரயில்வேக்களின் மதிப்பும் முதலீடும் குறைந்தன என்று காட்டினார்கள். கண்டிப்பான வங்கியாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பது நிர்வாகத்தைத் திருத்துகிறது என்பது இவற்றின் உட்பொருள். இந்த எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் பங்குதாரருக்குக் கிடைத்த 30 சதவீதம் நல்ல நிர்வாகத்தால் வந்ததா, போட்டியை நசுக்கியதால் வந்ததா என்பதைப் பங்கு விலை மட்டும் பிரித்துச் சொல்லாது. டிலாங்கே அந்தக் கேள்வியை எழுப்பினார். கடன் மறுக்கப்பட்டதால் பிறக்காமலே போன கம்பெனிக்குப் பங்கு விலை கிடையாது. அதை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணாது.

இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பண ஏகபோகம் என்ற பேச்சை 1920களில் ஹென்றி ஃபோர்டின் பத்திரிகையும் 1930களில் வானொலிப் பாதிரியார் காஃப்லினும் யூத வெறுப்பாகத் திருப்பினார்கள். பூஜோவின் பட்டியலில் முதலிடம் மார்கனுக்கும் பேக்கருக்கும். இருவரும் யூதர்கள் இல்லை. கேள்வி கேட்ட அன்டர்மயர்தான் யூதர். 1933 முதல் நாஜி ஜெர்மனிப் பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பதவிகளை எண்ணிக் காட்டும் விசாரணை வேறு, ஓர் இனத்தைப் பழிக்கும் வதந்தி வேறு. எண்ணுவதை நிறுத்தும் நாட்டில் வதந்திதான் மிஞ்சும்.

கிளாஸ்–ஸ்டீகல் பிரிவினை 1999இல் நீக்கப்பட்டது. 2008 நெருக்கடிக்குப் பிறகு செனட்டர் கார்ல் லெவின் பெரிய வங்கிகளின் உள் மின்னஞ்சல்களை மேசையில் வைத்து விசாரித்தார். பூஜோ எண்ணிய ஐந்து நிறுவனங்களில் மார்கனும் கேரண்டி டிரஸ்ட்டும் இன்று ஜே.பி. மார்கன் சேஸ். ஃபர்ஸ்ட் நேஷனலும் நேஷனல் சிட்டியும் இன்று சிட்டி வங்கி. பேங்கர்ஸ் டிரஸ்ட்டை டாய்ச்சே வங்கி வாங்கிக்கொண்டது.

பூஜோ லேக் சார்லஸுக்குத் திரும்பி வழக்கறிஞர் தொழிலைத் தொடர்ந்தார். 1939 டிசம்பர் 31 அன்று நியூஆர்லியன்ஸில் இறந்தார். குழுவின் விசாரணைப் பதிவுகளை, பண ஏகபோகக் குற்றச்சாட்டின் நிழலிலேயே பிறந்த ஃபெடரல் ரிசர்வின் செயின்ட் லூயிஸ் வங்கி முழுமையாக இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை. இந்த விஷயத்தில் யார் எழுதியதையும், நான் எழுதியதையும் சேர்த்துத்தான், நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். 1912 டிசம்பர் 18, 19 தேதிகளின் மார்கன் வாக்குமூலத்தையும், 1913 ஜனவரியின் பேக்கர் வாக்குமூலத்தையும் கேள்வி பதிலாகவே படித்துப் பாருங்கள்.